வானம் பார்க்கும் குழாய்க்கும் ஒரு காப்பு



சென்ற மாதம் ஒரு தாயார் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். மகன் பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான்.

"டீச்சர், கையில் நாலு காசு சேர்ந்தால் தங்கச்சிக்கு ஒரு சங்கிலி வாங்குவான் என்று பார்த்தேன். இவன் 2,200 வெள்ளி கொடுத்து நட்சத்திரம் பார்க்கிற குழாயை வாங்கி வந்து நிற்கிறான். லயத்து வீட்டில் வைத்திருக்கவும் பயம். லீவு நாளில் அவன் அதைத் தூக்கிக்கொண்டு கேமரன் மலைக்கும் கடற்கரைக்கும் போவதைப் பார்த்தாலும் பயம். 2028இல் கிரகணம் பார்க்க ஆஸ்திரேலியாவுக்கே கொண்டுபோகப் போகிறானாம். இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டா? நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

அம்மா, உங்கள் மகனுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போத்தலிலும் சூதாட்டத்திலும் சம்பளத்தைத் தொலைக்கிற பிள்ளைகள் இருக்கிற காலத்தில், வானத்தைப் பார்க்கிறவனை என்ன சொல்லிக் கண்டிப்பது? ஆனால் உங்கள் பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டுக்கொண்டவள்.

2018ஆம் ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கினோம். ஆறங்குல ஆடி பதித்த நாலடி நீளக் குழாய். ஒரு பலகைப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, கையால் தள்ளினாலே சுழலும். சான்பிரான்சிஸ்கோவில் வேதாந்தத் துறவியாக இருந்த ஜான் டாப்சன் என்பவர், எளியவர்களும் செய்துகொள்ளட்டும் என்று அட்டைக்குழாயையும் ஒட்டுப்பலகையையும் வைத்து உருவாக்கிய வகை அது. குழாய் 1,850 வெள்ளி, கூடுதலாக இரண்டு கண்வில்லைகள் 350 வெள்ளி, சூரியனைப் பார்க்க முன்னால் மாட்டும் வடிகட்டி 200 வெள்ளி. ஆக மொத்தம் 2,400 வெள்ளி.

அந்தப் பணம் வந்த வழியைச் சொன்னால்தான் என் வேதனை உங்களுக்குப் புரியும். தீபாவளிக்குத் தாய்மார்கள் முறுக்குச் சுட்டு விற்றார்கள். பழைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பினார்கள். பால்மரம் வெட்டியே முதுகு வளைந்துபோன ஒரு பாட்டி, சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு பத்து வெள்ளி நோட்டுகளை அவிழ்த்துக் கொடுத்து, "நான் தலையில வெளக்கக் கட்டிக்கிட்டு இருட்டுலயே மரத்துக்குப் போனவ. ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்ல. எம் பேரப்பிள்ளைங்க பார்க்கட்டும்" என்றார்.

பள்ளியின் சாமான் அறை மழைக்கு ஒழுகும். அதனால் தொலைநோக்கியை என் வீட்டில் வைத்திருந்தேன். தோட்டத்துக்குப் பக்கத்துத் தாமானில், வங்கிக் கடனில் வாங்கிய வீடு. "வீட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று நானும் என் வீட்டுக்காரரும் நிம்மதியாக இருந்தோம்.

2019 டிசம்பர் 26ஆம் நாள் கங்கண சூரிய கிரகணம் வந்தது. சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்கோடியிலும் சூரியன் வளையமாகத் தெரியும் என்றார்கள். பள்ளி விடுமுறைதானே என்று பெற்றோரும் பிள்ளைகளுமாக ஒரு பேருந்தை அமர்த்திக்கொண்டு இரவோடு இரவாகத் தஞ்சோங் பியாய்க்குப் புறப்பட்டோம். குழாயைப் போர்வையில் சுற்றிப் பேருந்தின் அடிப்பெட்டியில் வைத்தேன். பக்கத்தில் சமையல் அண்டா. நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் பிடித்தார். கீழே ஏதோ உருண்டு இடிக்கும் ஓசை கேட்டது. காலையில் போர்வையைப் பிரித்தால் குழாய் நெளிந்திருந்தது. ஆடியின் ஓரம் பெயர்ந்து, நடுவரைக்கும் கீறல் ஓடியிருந்தது.

பிள்ளைகள் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிரகணத்தைப் பார்க்கத்தான் செய்தார்கள். பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால், ஏறத்தாழ இரண்டு நிமிடம், சூரியன் தங்க வளையல்போல் நின்றது. மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டுகள்கூட வளையம் வளையமாக இருந்தன. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். நான் மட்டும் அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். என் பழைய மாணவன் ஒருவன் காப்புறுதி முகவராக இருக்கிறான். அவன் படித்துப் பார்த்துவிட்டு, "கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். இதில் நாலு இடத்தில் கோட்டை விட்டிருக்கிறீர்கள்" என்றான். மாணவன் கணக்கைத் திருத்த, ஆசிரியை கைகட்டிக் கேட்டேன். அந்த நாலையும் உங்களுக்கு வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வீடு வேறு, வீட்டுக்குள் இருக்கும் சாமான் வேறு. வங்கிக் கடனுக்காக எடுக்கும் காப்புறுதி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே. சுவரும் கூரையும் அதில் அடங்கும். அலமாரி, தொலைக்காட்சி, தொலைநோக்கி எதுவும் அடங்காது. கட்டடத்துக்கு எடுப்பதை ஹவுஸ்ஓனர் என்றும், சாமான்களுக்கு எடுப்பதை ஹவுஸ்ஹோல்டர் என்றும் சொல்வார்கள். முகவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெறும் தீக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால், கூடுதலாகச் சேர்த்தாலொழிய வெள்ளத்துக்குக்கூடக் காசு வராது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கிறதல்லவா? நம் பத்திரத்தில் வெள்ளம் எழுதியிருக்கிறதா என்று வெள்ளம் வருவதற்கு முன்னால்தான் பார்க்க வேண்டும்.

தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். வீடு தோட்டத்துடையது. அதற்குத் தோட்ட நிர்வாகம் காப்புறுதி எடுத்திருக்கலாம். ஆனால் தீப்பிடித்தால் அந்தப் பணம் கூரைக்குத்தான், உங்கள் சாமானுக்கு அல்ல. வீடு நம்முடையதல்ல என்பதால் நாம் காப்புறுதி எடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குடியிருப்பவரும் தம் சாமான்களுக்கு மட்டும் ஹவுஸ்ஹோல்டர் எடுக்கலாம். செங்கல் வீடா பலகை வீடா என்று கேட்பார்கள். பலகை வீட்டுக்குச் சந்தா கூடும்.

சாமான்களுக்கு எடுத்தாலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். பல பத்திரங்களில், தனியாகக் குறிப்பிடாத ஒரு பொருளின் மதிப்பு மொத்தத் தொகையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 20,000 வெள்ளிக்குச் சாமான் காப்புறுதி எடுத்து, தொலைநோக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், 2,400 வெள்ளிப் பொருளுக்கு 1,000 வெள்ளிதான் மிஞ்சும். அதன் பெயர், அளவு, விலை எல்லாவற்றையும் தனியாக எழுதச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை.

சந்தா குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துச் சொல்வதும் ஆபத்து. 20,000 வெள்ளி பெறுமான சாமானை 10,000 என்று சொல்லியிருக்கிறீர்கள், 4,000 வெள்ளிக்குச் சேதம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குத்தானே சந்தா கட்டினீர்கள் என்று 2,000 வெள்ளிதான் கொடுப்பார்கள். இதற்கு ஆவரேஜ் விதி என்று பெயர்.

திருட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பூட்டையோ கதவையோ சன்னலையோ உடைத்து நுழைந்த அடையாளம் இருக்க வேண்டும். பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது காணாமற்போனால் அது கணக்கில் வராது. ஓராண்டில் 90 நாளுக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தாலும் திருட்டுக் காப்பு நின்றுவிடும் என்று எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது, அது யாருடைய பொருள்? இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. வீட்டுச் சாமான் காப்புறுதி, எடுத்தவருக்கும் அவரோடு வசிக்கும் குடும்பத்தாருக்கும் சொந்தமான பொருள்களுக்கே செல்லும். பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் நாம் வைத்திருந்தால், அதைச் சொல்லி எழுதினாலொழியச் செல்லாது. எங்கள் குழாய் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது. என் வீட்டில் இருந்தது என்பதற்காக அது என் பொருள் ஆகிவிடாது. நான் சாமான் காப்புறுதி எடுத்திருந்தாலும் ஒரு காசு கிடைத்திருக்காது.

கடிதம் எழுதிய தாயாரே, உங்களுக்கும் இது பொருந்தும். மகன் பட்டணத்தில் தங்குகிறான். குழாய் உங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்துவிட்டு மகன் பொருளும் அதில் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். பொருள் மகனுடையது, இருக்கும் இடம் இது என்று இரண்டையும் சொல்லி, அவன் பெயரிலேயே எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

மூன்றாவது, சேதம் எங்கே நடந்தது? ஹவுஸ்ஹோல்டர் என்பது பெயருக்கேற்றாற்போல் வீட்டோடு கட்டுப்பட்டது. வேறு வீட்டுக்குத் தற்காலிகமாகக் கொண்டுபோன பொருளுக்குச் சிறு பங்கு கொடுக்கும் பத்திரங்கள் உண்டு. ஓடும் பேருந்துக்கும் கடற்கரைக்கும் அதை நம்ப முடியாது. வெளியே எடுத்துச் செல்லும் பொருளுக்கு ஆல் ரிஸ்க் என்று தனிக் காப்புறுதி இருக்கிறது. கேமரா, கைக்கடிகாரம், இசைக்கருவி போன்றவற்றுக்கு அதைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு பொருளையும் விலையோடு பட்டியலிட வேண்டும். மலேசியாவுக்குள் மட்டுமா, உலகம் முழுவதுமா என்று எழுத வேண்டும். தவறி விழுந்து உடைந்தாலும் கொடுப்பது இதுதான்.

பெயர் ஆல் ரிஸ்க் என்பதால் எல்லா ஆபத்தும் அதில் அடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆளில்லாத வண்டியில் விட்டுச் சென்ற பொருள் திருடுபோனால் பொதுவாகக் கிடைக்காது. கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருளை விலக்கி வைக்கும் பத்திரங்களும் உண்டு. தொலைநோக்கிக்கு உயிரே ஆடியும் வில்லையும்தானே? ஆகவே கையெழுத்துப் போடுமுன் "ஆடி உடைந்தால் கொடுப்பீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தேய்மானத்துக்கும் பூஞ்சணத்துக்கும் எந்தக் காப்புறுதியும் காசு தராது.

பூஞ்சணம் நம் ஊர் ஈரக்காற்றின் சாபம். மூடி வைத்த வில்லையில் சிலந்தி வலைபோல் படர்ந்து, அதன் மேல்பூச்சைத் தின்றுவிடும். இதற்கு நம் கைதான் காப்பு. இரவுப் பனியில் நனைந்த குழாயை உடனே மூடாமல், காற்றில் உலரவிட்டு மூட வேண்டும். கண்வில்லைகளை இறுக்கமாக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிகளோடு போட்டு வையுங்கள். அந்த மணிகள் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். பேருந்தில் போகும்போது வில்லைகள் உங்கள் மடியில் இருக்கட்டும். அண்டாவுக்குப் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள்!

நான்காவது, சான்று எங்கே? வாங்கிய கடை ரசீது என்னிடம் இல்லை. வெயிலில் எழுத்து மங்கிப்போன ஒரு தாள்தான் இருந்தது. பொருளைப் படம் எடுத்து வைத்திருக்கவுமில்லை. பள்ளியில் வருகைப் பதிவேட்டை நாள் தவறாமல் எழுதுகிறவள், 2,400 வெள்ளிப் பொருளுக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. வாங்கிய அன்றே ரசீதைப் படி எடுங்கள். குழாயில் தொடர் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். குழாய், தாங்கி, ஒவ்வொரு கண்வில்லை என்று தனித்தனியாகக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். வீடு எரிந்தாலும் அந்தப் படம் எரியாது.

இப்போது ஆஸ்திரேலியாப் பயணத்துக்கு வருவோம். 2028 ஜூலை 22ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் சிட்னி நகரத்தின் மேலேயே போகிறது. உங்கள் மகன் ஆசைப்படுவதில் தவறில்லை. பயணக் காப்புறுதி எடுத்தால் போதும் என்று அவன் சொன்னால், ஒரு பொருளுக்கு எவ்வளவு என்ற வரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தப் பயணச் சாமானுக்கு ஐயாயிரம் வெள்ளி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு பொருளுக்கு ஐந்நூறு வெள்ளிதான் என்று சிறிய எழுத்தில் இருக்கலாம். திருடுபோனால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது பயணக் காப்புறுதிகளில் வழக்கமான நிபந்தனை. திருட்டு நடந்த ஊரிலேயே புகார் கொடுக்க வேண்டும். வீடு திரும்பியபின் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள்.

விமானத்தில் ஆடியையும் வில்லைகளையும் கைப்பையில் வைத்துக்கொள்வதே நல்லது. நொறுங்கும் பொருளைச் சரக்கில் போடாதே என்று விமான நிறுவனங்கள் முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. சரக்கில் போட்ட பெட்டி உடைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே காட்டிப் பதிவு செய்ய வேண்டும். உலக நாடுகளின் மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், பெட்டி தாமதமாக வந்ததற்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நாள் தவறினால் உரிமையும் போகும். ரசீதின் படி ஒன்று பயணத்திலும் கூட இருக்கட்டும். திரும்பி வரும்போது சுங்கத்தில் கேட்டால், இங்கே வாங்கியதுதான் என்று காட்ட உதவும்.

சேதம் நேர்ந்தபின் ஒரு சொல். உடைந்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அவசரப்பட்டுப் பழுது பார்த்தும் விடாதீர்கள். இருந்தபடியே படம் எடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். விண்ணப்பத்தில் ஒரு பொய், ஊரெல்லாம் சேர்ந்து கட்டிய சந்தாவையும் வீணாக்கிவிடும். நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை இருக்கிறது. முகவர் யாராக இருந்தாலும், அவருடைய நிறுவனம் பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

"எங்களிடம் தொலைநோக்கி எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்பீர்கள். உங்கள் வீட்டில் தையல் இயந்திரம் இருக்கும். கோயில் திருவிழாவுக்குத் தூக்கிப்போகும் உறுமி மேளம் இருக்கும். கலியாணங்களுக்குப் படம் எடுக்கும் தம்பியின் கேமரா இருக்கும். எது, யாருடையது, என்ன விலை, எங்கெல்லாம் போகும் என்ற நாலு கேள்வியும் அவற்றுக்கும் உண்டு. எழுதாத பொருளுக்குக் காப்பு இல்லை. நான் 2,400 வெள்ளி கொடுத்துப் படித்த பாடம் இந்த ஒரு வரிதான். உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

எங்கள் குழாய் என்னவாயிற்று என்று கேட்காமல் விடமாட்டீர்கள். பயணம் முடிந்து வந்த மறுநாளே பாட்டி என் வீட்டு வாசலில் நின்று, "டீச்சர், கொழாய் நல்லா இருக்குதா?" என்று கேட்டார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. உடைந்த ஆடியை அப்படியே காட்டினேன். பாட்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடின்னா ஒடயத்தான் செய்யும். மறுபடி வாங்கலாம், அழுவாத" என்றார். அந்த வார்த்தை எனக்குத் திட்டியதைவிட வலித்தது.

புது ஆடிக்கு மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்தேன். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் தள்ளிப்போயிற்று. ஆடி வந்து, குழாயை நிமிர்த்திப் பொருத்தியபின், பிள்ளைகள் முன் அதைத் திறப்பதற்கு முன்னாலேயே சங்கக் கூட்டத்தைக் கூட்டி ஆல் ரிஸ்க் காப்புறுதி எடுத்தோம். இந்த முறை சங்கத்தின் பெயரில், ஆடி, வில்லை, வடிகட்டி எல்லாம் பட்டியலிட்டு, என் வீட்டில் இருப்பதையும் பயணம் போவதையும் சொல்லி எடுத்தோம். ஆண்டுக்கு 90 வெள்ளி. எங்கள் பள்ளியில் 62 குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒன்றரை வெள்ளிகூட வரவில்லை.

2022 நவம்பர் 8ஆம் நாள் முழுச் சந்திர கிரகணம். நிலா எழும்போதே சிவந்து எழுந்தது. பள்ளித் திடலில் குழாயை வைத்தோம். செம்பனைக்கு மேலே நிலா ஏறி வந்தபோது, சிவப்புக் கலைந்து ஓர் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளை எல்லாம் நிறுத்திவிட்டு முதலில் பாட்டியைக் கூப்பிட்டோம். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"என்ன பாட்டி தெரியுது?" என்றான் பேரன்.

"சும்மா இருடா, பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

தாயாரே, உங்கள் மகன் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, அவனிடம் ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முகவரைப் பார்க்கவும் சொல்லுங்கள். அதன்பிறகு ஒருநாள், வேலை முடிந்த இரவில், நீங்களும் அந்தக் குழாயில் கண் வைத்துப் பாருங்கள். சங்கிலியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.